மூணுமுக்கு வயலின் சரிபாதி

மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது, கண்புரைக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாத வயதுக்கு நாம் வந்துவிட்டோம். அதனால்தான் போன மாதம் என் அத்தை மகளின் புதுவீட்டுப் பால்காய்ப்பில் தோழிகள் நீங்கள் சிலர் கேட்ட கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்தது. இவ்வளவு செலவு செய்து கட்டிய வீட்டுக்கு ஏன் இந்த ஒரு பக்கத்து மதில் மட்டும் கோணிக்கொண்டு போகிறது என்று கேட்டீர்கள். கொத்தனாரும் அதையேதான் கேட்டாராம். பக்கத்து மனை என் தம்பியுடையது. நாலடி விட்டுக் கொடுத்தால் நேராகிவிடும், தம்பியும் சம்மதித்தான். அவள்தான் கூடாது என்றுவிட்டாள். பந்தியில் பப்படமும் பாயசமும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த மதில் முன்பு ஒரு வரப்பு. அந்த இரண்டு மனைகளும் முன்பு ஒரே வயல். கொட்டாரத்துக்கு வடக்கே, எங்கள் ஊர் ரோட்டை ஒட்டி, மூன்று மூலைகளோடு கிடந்ததால் அதை மூணுமுக்கு வயல் என்பார்கள். ஒரு பக்கம் ரோடு. ஒரு பக்கம் பாசனக் கால்வாய், எங்கள் பேச்சில் சானல். மூன்றாவது பக்கம் அடுத்தவர் தென்னந்தோப்பு. சானலும் தோப்பும் சந்திக்கிற மூலையில்தான் மடை. பேச்சிப்பாறைத் தண்ணீர் அந்த முக்கு வழியாகத்தான் வயலுக்குள் இறங்கும். சானல் பக்கம் குட்டை, தோப்புப் பக்கம் நீளம். அதனால் வயல் முழுவதும் யாரோ பிடித்துத் தள்ளியது மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும்.

நான் ஏழாம் வகுப்புக்குப் போன வருஷம். தாத்தா இறந்து ஆண்டுத் திவசம் முடிந்திருந்தது. சாவதற்கு முன் அவர் அப்பாவைக் கூப்பிட்டு, மற்றதெல்லாம் உனக்கு, மூணுமுக்கு வயலை மட்டும் நீயும் உன் தங்கையும் சரிபாதியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். பெண்பிள்ளைக்கு ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்து, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதி வாங்கிவிடுகிற காலம் அது. தாத்தா சொன்னதற்குச் சாட்சியும் கிடையாது. அப்பா நினைத்திருந்தால் அப்படியே விழுங்கியிருக்கலாம். திவசச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அவராகவே எல்லோர் முன்னாலும் சொன்னார். அத்தை அடுக்களை வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

அத்தை வீடு அடுத்த தெருதான். மாமாவுக்கு மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் வேலை. இரண்டு பஸ் மாறிப் போய் வருவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேண்டின் மடிப்பை உதறினால் கறுப்பும் சிவப்புமாகப் பளபளவென்று மணல் உதிரும். அதை நானும் அத்தை மகளும் இங்க் பாட்டிலில் சேர்த்து வைப்போம். என்னைவிட அவள் சில மாதங்கள் மூத்தவள். முறைப்படி எனக்கு மைனி, அண்ணி முறை. அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று சின்ன வயதிலேயே சட்டம் போட்டுவிட்டாள். பெண்பிள்ளைகள் இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்த வருஷம் மாமா நாகர்கோவிலிலிருந்து ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்து, இருவரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருந்தார். மூடி மேல் ஒரு ஒட்டகம் போட்டிருக்கும். உள்ளே புது இரும்பும் பென்சில் மரமும் கலந்த ஒரு வாசனை. ஒரு வாரம் அவள் வீட்டில் இருக்கும், ஒரு வாரம் என் வீட்டில்.

ஜூன் பிறந்து சானலில் தண்ணீர் விட்டார்கள். கன்னிப்பூ என்கிற முதல் போக நடவுக்கு ஊரே இறங்கிவிட்டது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் அவருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிறும் முளைக்குச்சிகளும் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். மடை முக்கில் நின்று சானல் வரப்போடு கொஞ்ச தூரம் கயிற்றை இழுத்து ஒரு குச்சி அடித்தார். அதே அளவு கயிற்றைத் தோப்பு வரப்போடு இழுத்து இன்னொரு குச்சி. இரண்டு குச்சிகளுக்கும் நடுமையத்தில் மூன்றாவது குச்சி. பிறகு மடை முக்கிலிருந்து அந்த நடுக்குச்சி வழியாக நேராக ரோடு வரைக்கும் கயிறு பிடித்து, ரோட்டோரம் ஒரு பெரிய முளை அடித்தார். சானல் பக்கம் தங்கைக்கு, தோப்புப் பக்கம் தனக்கு. தென்னை நிழல் விழுகிற இடத்தில் நெல் சரியாகப் பிடிக்காது. அதைத் தான் எடுத்துக்கொண்டு நல்ல பக்கத்தைத் தங்கைக்கு விட்டதில் அவருக்கு ஒரு நிறைவு. திரும்பி வரும்போது எனக்குப் பயறு வடை வாங்கித் தந்தார்.

மடை முக்கின் கோணத்தை அப்பா மிகச் சரியாக இரண்டாக்கியிருந்தார். அதில் ஒரு இம்மி பிசகு கிடையாது. கோணத்தைப் பாதியாக்கினால் வயலும் பாதியாகிவிடும் என்று நினைத்ததுதான் பிசகு.

அன்று மாலை மாமா வந்து பார்த்தார். ரோட்டோரம் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்தார். அத்தையின் பங்குக்கு ரோட்டுப் பக்கம் குறைவாகவும் அப்பாவின் பங்குக்கு நன்றாகவே கூடுதலாகவும் வந்திருந்தது. நடந்து பார்த்தாலே தெரியும்.

"மச்சான், இது பாதியா? முளைய ரோட்டுக்க நடுமையத்தில இல்லா அடிக்கணும்?" என்றார்.

"மூலையை நேர்பாதி போட்டிருக்கேன் மாப்பிளே. கயிறு பொய் சொல்லுமா?"

"கயிறு சொல்லாது" என்றார் மாமா.

அவ்வளவுதான். அதற்கு மேல் இருவரும் குரலை உயர்த்தவில்லை. அப்பா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மாமா செருப்பைக்கூட மாட்டாமல் கையில் பிடித்தபடி எதிர்ப்பக்கம் நடந்தார். நானும் மைனியும் நடுவில் நின்றுகொண்டிருந்தோம், யாரோடு போவது என்று தெரியாமல்.

மறுநாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. ரோட்டுப் பக்கம் கடை கட்டி வாடகைக்கு விடத்தான் அவன் அலைகிறான் என்று அப்பா சொன்னார். சங்கத்து ஆள் இல்லையா, எழுத்திலேயே விழுங்கத் தெரிந்தவர்கள் என்று மாமா சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அம்மா மட்டும் தேங்காய் துருவிக்கொண்டே, "அவகிட்ட ஒரு வார்த்த கேட்டேளா?" என்றாள். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. அத்தையின் வயலைப் பற்றி இரண்டு ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தையை யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தையும் வாய் திறக்கவில்லை. அண்ணன் மேல் அவளுக்குக் கோபம் என்று நான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. மற்ற பெண்களுக்கெல்லாம் ஒரு புடவையோடு முடிந்துபோன இடத்தில் அண்ணன் பாதி வயலைத் தருகிறார். வாங்கிக்கொள்கிறவள் எப்படி அளவு குறைகிறது என்று சொல்வாள்? புருஷன் சொன்னது தவறு என்றும் சொல்ல முடியாது. பாவம், சிரித்த முகம் அவளுக்கு. அந்த மாதம் அது வாடிப்போயிருந்தது.

வயல் தரிசாகக் கிடந்தது. சுற்று வயல்களில் சேறு கலக்கித் தொளி அடித்து, நாற்று பறித்து, நடவு நட்டுப் பச்சை பிடித்துவிட்டது. எங்கள் வயலில் மட்டும் கோரையும் நாணலும். மடையைக்கூட யாரும் திறக்கவில்லை. ஊரில் கேலி தொடங்கியது.

எங்களுக்கு நடந்த பெரிய சேதம் ஜியாமெட்ரி பாக்ஸ். பாக்ஸ் அந்த வாரம் அவள் வீட்டில் இருந்தது. சண்டைக்கு முந்தின நாள் நான் வீட்டுக்கணக்குக்காகக் கோணமானியையும் ஸ்கேலையும் மட்டும் எடுத்து வந்திருந்தேன். அவை என்னோடேயே தங்கிவிட்டன. காம்பஸும் டிவைடரும் அவளோடு. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் ரகசியமாகக் கைமாற்றிக்கொள்வோம். ஆனால் அதற்கும் முடிவு வரப் பார்த்தது. காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் நாகர்கோவிலில் தன் அக்கா வீட்டில் விட்டு மைனியை அங்கேயே படிக்க வைக்கப் போவதாக மாமா சொல்லிவிட்டார். அவள் அதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. நான்தான் பென்சில் சீவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அந்த நாட்களில் வகுப்பில் முக்கோணம்தான் நடந்துகொண்டிருந்தது. கணக்கு டீச்சர் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர். போர்டில் கோடு போடும்போதும் மூக்குக்குள் ஏதோ ஒரு பாமாலை முனகிக்கொண்டேயிருப்பார். ஒரு காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து, முனையோடு முனை சேர்த்து வைக்கச் சொன்னார். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோட்டில் உட்கார்ந்தன. ஒல்லி முக்கோணம், குண்டு முக்கோணம், சாய்ந்தது, நிமிர்ந்தது எல்லாம் அப்படித்தான். எந்த இரண்டு பக்கத்தைச் சேர்த்தாலும் மூன்றாவது பக்கத்தைவிட நீளமாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். அதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அத்தை வீட்டுப் பின்வாசல் வழியாகப் பள்ளிக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தவள், சண்டைக்குப் பிறகு கோயில் தெரு சுற்றித்தான் போய்வந்தேன்.

மற்றபடி கணக்கில் நான் சுமார்தான். மைனிதான் கெட்டிக்காரி. ஆனால் வீட்டில் அந்த வித்தியாசம் தெரியாது. ஏழாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு வயலை வரையத் தெரியாதா என்று அப்பா என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். மூணுமுக்கு வயலை அளவோடு வரைந்து, அவர் போட்ட கோடு நேர்நடுக்கோடு என்று காட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் எடுத்து வைக்க. மாமாவும் அதே வேலையைத் தன் மகளிடம் கொடுத்திருந்தார், எதிர்க்கட்சிக்காக.

என்னிடம் இருந்தது கோணமானியும் ஸ்கேலும். அதனால் நான் மடை முக்கின் கோணத்தை எடுத்தேன். டீச்சரிடம் கேட்டு, போர்டில் வரையப் பயன்படுத்துகிற மரக் கோணமானியை வாங்கி வந்தேன். சாக்பீஸ் தூள் ஏறி மஞ்சள் வெளுத்துப்போன பெரிய கோணமானி. சாரலில் நனையாமல் குடைக்குள் அதை மறைத்துக்கொண்டு நான் நனைந்தேன். வரப்பில் அதைப் படுக்க வைத்து, அப்பா இரண்டு பக்கமும் நூல் பிடிக்க, கோணத்தைக் குறித்தேன். பிறகு சானல் பக்கத்தையும் தோப்புப் பக்கத்தையும் அளந்து, வகுப்பில் சொன்னபடி பத்தடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்தேன். ரோட்டுப் பக்கத்தை நான் அளக்கவே இல்லை. இரண்டு முனைகளையும் சேர்த்ததும் அது தானாக வந்து நின்றது.

மைனியிடம் கோணமானி இல்லை. அவள் மாமாவோடு போய் மூன்று பக்கத்தையும் டேப்பால் அளந்து, காம்பஸை விரித்து இரண்டு வில் போட்டு, அவை வெட்டிக்கொள்கிற இடத்தில் மடை முக்கை வைத்துவிட்டாள். கோணம் என்ன என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வகுப்பு ஜன்னல் கண்ணாடியில் பிடித்தோம். வெளியே மழை ஓய்ந்து வெயில் அடித்தது. இரண்டும் ஒரே முக்கோணமாகத் தெரிந்தன. தோப்பு மூலையில் மட்டும் ஒரு பென்சில் முனை அளவு விலகல். இரண்டு வீட்டிலும் எதிராளி பொய் சொல்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே இரண்டு வீட்டு வயலும் ஒன்றாகவே இருந்தது.

"இதுல ஆரும் கள்ளம் பண்ணல்லட்டி" என்றாள் மைனி. "கோடுதான் தப்பு. உங்க அப்பா போட்ட கோடு வயலைப் பாதியாக்காது. எங்க அப்பா சொல்லுக கோடுதான் ஆக்கும். ரோட்டுக்க நடுமையத்தில இருந்து மடை முக்குக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அப்படி ஒரு கோட்டை லேசாகப் போட்டுப் பார்த்தால், தோப்புப் பக்கத்துத் துண்டு நீளமாக, பெரிதாக, சானல் பக்கத்துத் துண்டு கட்டையாக, சிறிதாகத்தான் தெரிந்தது. இது எப்படிப் பாதி என்று கேட்டேன்.

"ரெண்டு துண்டுக்கும் ரோட்டுப் பக்கம் ஒரே நீளம், செரியா? மடை முக்கில இருந்து ரோட்டுக்குச் செங்குத்தா எறங்கினா ரெண்டுக்கும் ஒரே உயரம். அடியும் ஒண்ணு, உயரமும் ஒண்ணு. பின்னே எப்படிக் கூடக் குறைய வரும்?"

சூத்திரம் எனக்கும் தெரியும். அடிப்பக்கம், உயரம், பாதி. மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு சூத்திரத்தை நம்ப மனம் வரவில்லை. எடை போட்டுப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். அந்த வருஷம் முழுக்கக் கணக்கில் எனக்குத் தோன்றிய ஒரே யோசனை அது.

ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, வயலின் படத்தை இரண்டு முறை அதில் பதித்து வெட்டினோம். ஒன்றை அப்பாவின் கோட்டில் வெட்டினோம், இன்னொன்றை மாமாவின் கோட்டில். பள்ளி விட்டதும் நேராகக் கடைத்தெருவில் இருந்த நாட்டுமருந்துக் கடைக்குப் போனோம். அங்கேதான் குன்றிமணி எடைக்கும் அசைகிற சின்னப் பித்தளைத் தராசு இருந்தது. சுக்கு, திப்பிலி, சித்தரத்தை எல்லாம் கலந்த நெடி. உள்ளே போனாலே தும்மல் வரும். கடைக்காரர் காரியத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் தராசைத் துடைத்து எங்கள் முன் வைத்தார்.

முதலில் அப்பாவின் கோடு. தோப்புப் பக்கத்து அட்டை வைத்த தட்டு தயங்காமல் கீழே போய் உட்கார்ந்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. அடுத்து மாமாவின் கோடு. நீளத் துண்டை ஒரு தட்டிலும் கட்டைத் துண்டை இன்னொரு தட்டிலும் வைத்தோம். முள் இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, மெல்ல மெல்ல அடங்கி, நடுவில் வந்து நின்றது. நான் துண்டுகளைத் தட்டு மாற்றி வைத்தேன். அப்போதும் நடுவில்தான் நின்றது.

மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. ஜெயித்தது அவள் அப்பா, தோற்றது என் அப்பா என்று எங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. நாகர்கோவிலுக்குப் போக வேண்டியதில்லை என்றுதான் தோன்றியது.

அத்தை கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தே வெகு நாளாயிற்று. அட்டைத் துண்டுகளைச் சுளகில் பரப்பி வைத்து மைனி விளக்கினாள். அத்தை ஒவ்வொரு துண்டாக எடுத்து விரலில் தடவிப் பார்த்தாள். "அண்ணன் மூலையைப் பாதியாக்கினாரு, இவரு ரோட்டைப் பாதியாக்கச் சொன்னாரு. இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான் என்றோம். அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நிற்காமல், கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், அப்பா ஆபீஸ் கிளம்புகிற நேரத்துக்கு, அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா பதறி எழுந்து காபி போடப் போனாள். அத்தை முந்தானை முடிச்சிலிருந்து அட்டைகளை எடுத்து அப்பாவின் மேஜையில் வைத்தாள்.

"அண்ணா, நீங்க எனக்குத் தந்ததே பெரிசு. அளவு கேக்க வரல்ல" என்றாள். "நீங்க கள்ளம் பண்ணேல. அவரும் ஆசைப்பட்டுச் சொல்லேல. ரெண்டு பேருக்க கோடும் வேற வேற. அது ஒண்ணுதான் சமாச்சாரம். பிள்ளைங்க ரெண்டும் எடை போட்டுப் பாத்திருக்கு."

அப்பா துண்டுகளை இப்படியும் அப்படியும் திருப்பினார். "மூலை பாதியானா வயலு பாதியாகாதா?"

"ஆகாதாம் அண்ணா."

"அது எப்படி?"

பதில் சொல்ல வேண்டியவள் நான். அடிப்பக்கம், உயரம், பாதி என்று சூத்திரத்தை மட்டும் ஒப்பித்தேன். பிள்ளைகள் விளையாட்டு என்று அப்பா எழுந்துவிட்டார். ஆனால் சட்டைப்பையில் அட்டைத் துண்டுகளைப் போட்டுக்கொண்டு போனார்.

அன்று ஆபீஸ் விட்டதும் அவர் நேராக மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். எங்கள் அட்டையில் நம்பிக்கை இல்லாமல் தானே சங்கத்தில் ஒரு பழைய ஃபைல் அட்டையை வெட்டி எடுத்துப் போயிருக்கிறார். முதலில் எங்கள் வயல். பிறகு ஊசி மாதிரி ஒரு முக்கோணம். பிறகு ஒரு மூலை விரிந்து மல்லாந்து கிடக்கிற மாதிரி ஒன்று. எல்லாவற்றையும் அடிப்பக்கத்தின் நடுவிலிருந்து எதிர் மூலைக்கு வெட்டி வெட்டித் தராசில் வைத்தார். எல்லாம் நின்றன. கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டதாம். கஷாய மருந்து வாங்க வந்த ஒருவர், சானல் ஓரம் இருந்த தன் தம்பியோடான பாகத்தையும் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டாராம். நான் பயந்ததுபோல அப்பாவுக்கு அவமானமாக இல்லை. இத்தனை வயதுக்குப் பிறகு உலகத்தில் தனக்குத் தெரியாத ஒரு நேர்மை இருப்பதைக் கண்டுபிடித்த ஆளாக, முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமல் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். மாமாவின் பஸ் வருகிற நேரம். இறங்கிய மாமா எங்களைப் பார்த்ததும் டிபன் பாத்திரப் பையைக் கை மாற்றிக்கொண்டார். அப்பா நேராகப் போய்ச் சொன்னார்.

"மாப்பிளே, நான் மூலையைப் பாதியாக்கினேன். நீரு ரோட்டைப் பாதியாக்கச் சொன்னேரு. நீரு சொன்னதுதான் செரி. எனக்குத் தெரியாமப் போச்சு."

மாமா இதற்குத் தயாராக வரவில்லை. காலை உதறினார். மணல் கொட்டியது.

"எனக்கும் தெரியாது மச்சான்" என்றார் கடைசியில். "நான் ரோட்டுப் பக்கத்தைப் பாத்துத்தான் சொன்னேன். பின்னால ஒரு கடை போடலாம்னு ஒரு நினைப்பு. கணக்கு தெரிஞ்சு சொல்லேல. செரியானது என்னமோ ஆயிப்போச்சு."

இருவரும் சேர்ந்தாற்போல் சிரித்தார்கள். ஆக, மாமாவைப் பற்றி அப்பா நினைத்தது உண்மை. ஆனாலும் கோட்டில் மாமா சரி. அப்பாவைப் பற்றி மாமா நினைத்தது பொய். ஆனாலும் கோட்டில் அப்பா தவறு. பெரியவர்களை இப்படி இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை. யாரோ ஒருவர் நல்லவர், ஒருவர் கெட்டவர் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. இப்போது அந்த இரண்டு பேரையும் நினைத்தால் ஒரே மாதிரிப் பிரியம்தான் வருகிறது.

அடுத்த ஞாயிறு எல்லோரும் வயலுக்குப் போனோம். இந்த முறை கயிறு அத்தையின் கையில். ரோட்டோரம் இந்த முக்கிலிருந்து அந்த முக்கு வரை பிடித்து, அதை இரண்டாக மடித்து, நடுவில் அவளே முளை அடித்தாள். எந்தப் பாதி வேண்டும் என்று அம்மா கேட்டாள். ஆண்கள் இருவரும் அப்போதுதான் அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள். சானல் பக்கம்தான் என்றாள் அத்தை. கல்யாணத்துக்கு முன் அந்த வரப்பில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு நடவுக்காரர்களின் கஞ்சிக்குக் காவல் இருந்தவளாம். அந்த இடம்தான் வேண்டும், ரோடு எனக்கெதற்கு என்றாள். அண்ணன் முதலிலேயே அவளுக்கென்று ஒதுக்கிய பக்கமும் அதுதான்.

புது வரப்பு சாய்ந்துதான் போனது. நடவுக்கு வந்த பெண்கள், எந்தப் பக்கம் பார்த்து வரிசை பிடிக்க என்று கேட்டுச் சிரித்தார்கள். மடை முக்கில் ஒருத்திக்கு மேல் நிற்க இடமில்லை. ஆனால் தண்ணீர் அந்த ஒரு முக்கில் இறங்கி இரண்டு பாதிக்கும் பிரிந்து போவதைப் பார்க்க நன்றாக இருந்தது. மைனி நாகர்கோவிலுக்குப் போகவில்லை. பாக்ஸ் பழையபடி வாரத்துக்கொரு வீடு மாறியது. பிற்பாடு அது எங்கே தொலைந்தது என்று இருவருக்கும் தெரியாது.

ஊரில் கடைசியாக நட்ட வயல் என்பதால் கடைசியாக விளைந்ததும் அதுதான். ஐப்பசி பிறந்துவிட்டது. அறுப்பு அன்று மத்தியானம் கிழக்கே வானம் மை பூசினது மாதிரி இருண்டது. அறுத்துப் போட்ட கதிர் நனைந்தால் முளைத்துவிடும். மாமா அன்று லீவு போட்டிருந்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அம்மா, அத்தை, நாங்கள் இருவர், கூலிக்கு வந்தவர்கள், எல்லோரும் கைக்குக் கிடைத்த கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு களத்துக்கு ஓடினோம். கழுத்தெல்லாம் வைக்கோல் சுணை. கடைசிக் கட்டு வந்து சேர, தார்ப்பாயை இழுத்து மூட, மழை கொட்டத் தொடங்கியது. பாயின் அடியில் ஈர மண் வாசனையும் புதுக் கதிர் வாசனையுமாக ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மழை விட்டு வெயில் வந்த பிறகு பாயைத் திறந்தபோதுதான் அப்பாவுக்கு உறைத்தது. எது யாருடைய கட்டு என்று அடையாளம் வைத்தீர்களா என்று கேட்டார். யாரும் வைக்கவில்லை. மாமா பொறுக்கியெடுக்கப் பார்த்தார். சானல் பக்கத்துக் கதிர் கொஞ்சம் நீளம் என்று ஒரு கட்டை எடுத்து உற்றுப் பார்த்தார். சற்று நேரம் இரண்டு பேரும் களத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

"அடிச்சுக் குவியுங்க" என்றாள் அத்தை. "நெல்லுக்கு மூலை கிடையாதுல்லா."

அடித்துத் தூற்றி ஒரே பொலியாகக் குவித்தார்கள். அத்தை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மரக்காலை எடுத்தாள். எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கென்று விரித்த பாயில் முதல் மரக்காலைக் கொட்டி, "லாபம்" என்றாள். அடுத்ததைத் தன் பாயில் கொட்டினாள். அது அவளுக்கு முதல் மரக்கால்.

"லாபம்" என்றாள்.